நாலு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு டாங்கி

ராஜேஷ்குமார் கப்பலேறக் கிளம்பிய நாள் விஜயதசமி. அந்த வருடம் காந்தி ஜெயந்தியும் அதே நாளில் வந்து சேர்ந்திருந்தது. பெங்களூர் ஆஸ்டின் டவுன் தெருவெல்லாம் முந்தின நாள் ஆயுத பூஜைக்கு உடைத்த பூசணிக்காய் குங்குமத்தோடு மிதிபட்டுக் கிடந்தது. ஆட்டோக்களின் முகத்தில் கட்டிய வாழைக்கன்றுகள் வாடித் தலை சாய்ந்திருந்தன. மெயின் ரோட்டு ஒயின் ஷாப்பின் ஷட்டர் இறங்கியிருந்தது. காந்தி பிறந்த நாளில் கடை திறக்கக் கூடாது. ஆட்டோவில் ஏறியதும் அவன் மனைவி சொர்ணம் அந்த ஷட்டரைத்தான் பார்த்தாள். நல்ல சகுனம் என்று மனசுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

"பாஸ்போர்ட்டு எடுத்துக்கினீங்களா?"

"இருக்கு."

"மாத்திரை?"

"இருக்குடீ."

"அது?"

"அது இல்லாம போவேனா?" என்று மடியிலிருந்த பையைத் தட்டினான். லுங்கியில் சுற்றிய ஒரு பழைய டிவி கேம் உள்ளே இருந்தது. ஒயரும் இரண்டு கைப்பிடிகளும் அதோடு சேர்த்து.

ஸ்டேஷனில் மும்பை ரயிலின் ஜன்னலோரம் நின்றபோது சொர்ணம், "நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்" என்றாள். "கேக்காதே" என்றான் அவன். ரயில் நகர்ந்தது. ஒன்பது மாத ஒப்பந்தம். சரக்குக் கப்பலில் உதவிச் சமையல்காரன் வேலை.

எதைக் கேட்கமாட்டாள் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ராஜேஷ்குமார் பதினாறு வருடம், நின்றபடி சாப்பிடும் தர்ஷினி ஓட்டல்களில் தோசைக்கல் முன்னால் நின்றவன். குடித்தவனும்கூட. குடிகாரன் என்றால் அடிப்பான், உடைப்பான் என்றுதான் ஊர் நினைக்கும். அவன் அந்த ஜாதி இல்லை. குடித்தால் அழுவான். எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்பான். தெரு நாயிடம்கூட ஒரு தடவை கேட்டிருக்கிறான். மறுநாள் வேலைக்குப் போகமாட்டான். மூன்று ஓட்டல்கள் அப்படித்தான் கைவிட்டுப் போயின.

இரண்டு வருடத்துக்கு முன்னால் விட்டான். டாக்டர் காலைக்கும் ராத்திரிக்கும் மாத்திரை எழுதினார். ஆனால் சாயங்காலம் ஆறரைக்கும் எட்டரைக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் இருக்கிறதே, அதற்கு எந்தக் கடையிலும் மாத்திரை இல்லை. அந்த நேரம் வந்தால் அவன் கை தானாக நடுங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஜாரில் பழைய சாமான் குவியலுக்குள் அந்த டிவி கேம் அவன் கண்ணில் பட்டது. அதில் ஒரே ஒரு ஆட்டம்தான் ஒழுங்காக ஓடியது. இரண்டு டாங்கிகள், காப்பாற்ற ஒரு கோட்டை, நாலு பக்கமிருந்தும் வந்து சுடும் எதிரிகள். நடுங்கும் கைக்கு அமுக்க ஏதாவது வேண்டியிருந்தது. அவன் அமுக்கினான்.

இரண்டாவது டாங்கி சொர்ணத்துடையது. அவள் ஆடுவது சகிக்காது.

"எதிரிய விட்டுட்டு என்னையே சுடுறியே, பழி தீக்கிறியா?"

"ஆமா. பதினாலு வருஷப் பழி. ஒரே நாள்ல தீருமா?"

அவள் அவன் வாயை மோந்து பார்ப்பதில்லை. குடிச்சியா என்று கேட்பதில்லை. ஆறரைக்கு அவன் கைப்பிடியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தால் அதுவே பதில். இரண்டு வருடம் அந்தப் பதில் ஒரு நாளும் தவறவில்லை.

கப்பலிலிருந்து முதல் சேதி இருபது நாள் கழித்து வந்தது. சொர்ணம் பொம்மசந்திரா தொழிற்பேட்டையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தாள். "நல்லா இருக்கேன். கிச்சன் பெருசு. இருவது கிலோ மாவ மிஷினே பிசையுது. டிவி ஒண்ணுதான், இருவது பேரு, எப்பவும் படம் ஓடுது. நம்ம கேம சொருக அதுல ஓட்டையும் இல்ல. புது டிவி."

பத்து நாள் கழித்து இரண்டாவது சேதி. "மொம்பாசா வந்துச்சு. எல்லாரும் இறங்கினாங்க. நான் இறங்கல."

அதை அவள் மூன்று தடவை படித்தாள். கப்பலுக்குள் குடிக்கத் தடை. கரையிறங்கினால் எந்தத் தடையும் இல்லை. அவள் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் வருகிறதென்றால், அந்தக் கேள்வி அவன் தொண்டையிலேயே நின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மறுநாளே மூன்றாவது வந்தது. பாலசுப்ரமணியன் என்று ஒருவர், கப்பலின் எலக்ட்ரிகல் ஆபீசர், மல்லேஸ்வரத்துக்காரர், லீவு முடிந்து கொச்சியில் ஏறப்போகிறார். இருபத்தேழாம் தேதி சாயங்காலம் பெங்களூரில் ரயில் பிடிப்பார். அவரிடம் புளிக்காய்ச்சல் கொடுத்தனுப்பு.

புளிக்காய்ச்சலுக்கு ஒரு மணி நேரம் போதும். சொர்ணத்திடம் இருபத்தைந்து நாள் இருந்தது.

"போன்ல ஆடச் சொல்லேன்டீ. ஆயிரம் கேம் இருக்கு" என்றாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் எப்போதும் உட்காரும் வனஜா.

"கண்ணாடிய தடவுறது ஒரு ஆட்டமான்னு கேப்பாரு. அவருக்கு விரலுக்கடியில ஏதாவது அமுங்கணும்."

"ரெடிமேடா வாங்கு."

"பாத்தாச்சு. சீப்பா வர்றது குழந்தை பொம்மை. நல்லதுக்கு என் பாதி சம்பளம்."

"அப்ப இன்னா பண்ணப் போற, நீயே செய்யப் போறியா?" என்று வனஜா சிரித்தாள். சொர்ணம் சிரிக்கவில்லை. அப்போதுதான் வனஜாவுக்குக் கொஞ்சம் பயம் வந்தது.

சொர்ணத்துக்குக் கை உண்டு, அதில் சந்தேகமில்லை. வண்டிகளின் மீட்டருக்குள் போகும் சர்க்யூட் போர்டுகளைச் செய்யும் தொழிற்சாலையில் பதினோரு வருடமாக டச்-அப் வேலை. மிஷின் பற்றவைத்து அனுப்பும் போர்டு அவள் மேஜைக்கு வரும். விளக்கு வைத்த பூதக்கண்ணாடியின் கீழே அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். எங்கே ஈயம் குறைவு, எங்கே இரண்டு கால்கள் ஒட்டிக்கொண்டன, எங்கே ஊசிமுனை ஓட்டை என்று பார்த்து ஒரு தொடு தொட்டு அடுத்த மேஜைக்குத் தள்ளுவாள். ஒரு நாளைக்கு நூற்றி எண்பது போர்டு. ஆனால் அந்த போர்டு என்ன செய்கிறது என்று அவளுக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. பதினோரு வருடத்தில் லட்சக்கணக்கான போர்டுகள் அவள் கையைக் கடந்து போயிருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட உயிர் பெற்று அவள் பார்த்ததில்லை.

மாடியில் குடியிருந்த நிருபமா, ஈரோட்டிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்த பெண், லேப்டாப்பில் ஒரு வீடியோவைக் காட்டினாள். யாரோ ஒருவர் வீட்டிலேயே கையடக்க கேம் செட் செய்துகொண்டிருந்தார். "அக்கா, சாஃப்ட்வேர் ஏத்தறத நான் பாத்துக்கறேனுங்க. ஒயர் வேலை நம்மளால ஆகாது" என்றாள்.

"ஒயர் வேலைதான் எனக்குத் தெரியும். மிச்சம் எதுவும் தெரியாது" என்றாள் சொர்ணம். இரண்டையும் கூட்டினால் ஒரு முழு ஆள் தேறும் போலிருந்தது.

அடுத்த சனிக்கிழமை எஸ்.பி. ரோட்டில் கோவிந்தப்பாவின் எலக்ட்ரானிக்ஸ் கடை. ஆறடி அகலம், மேலே கூரைவரை சின்னச் சின்ன பிளாஸ்டிக் டிராயர்கள். வீடியோவில் வந்த போர்டின் படத்தை போனில் காட்டினாள்.

கோவிந்தப்பா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இது பேக்கா, இதுவா வேணும்? நாலாயிரம் ஆவுது. இன்னாத்துக்கு?"

"டாங்கி கேம் ஆடறதுக்குண்ணா. பழைய காலத்து கேம்."

"அய்யோ தாயி! முக்குக் கடைக்குப் போவ ஏரோப்ளேன் கேக்குறியே!" என்று ஒரு டிராயரை இழுத்தார். பிஸ்கட்டில் பாதி அளவு கறுப்பு போர்டு ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "வைஃபை பல்பு இருக்குதில்ல, அந்த மாதிரி சாமானுக்குள்ள இருக்கிற சிப்பு. முன்னூத்தைம்பது. உன் டாங்கிக்கு இதுவே ஜாஸ்தி."

அதற்குப் பிறகு அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது. திரைக்கு, பாக்கெட் நசுங்கியதால் பாதி விலைக்கு ஒதுக்கி வைத்திருந்த ஒன்று. சார்ஜ் ஏற்ற நகத்தளவு பச்சைத் துண்டு. "பேட்டரி புதுசு பேடா, வேணாம். பின்னாடி சந்துல பழைய லேப்டாப்ப பிரிக்கிறாங்க, உருளை பேட்டரி ஒண்ணு கேளு. ஸ்பீக்கரு, செத்துப்போன போன் எதுலயாச்சும் இருக்கும்."

"பட்டன்?"

"வூட்ல பழைய டிவி ரிமோட்டு இருக்குதா? அத பொளந்து ரப்பரையும் உள்ள இருக்கிற போர்டையும் எடு."

"இதையெல்லாம் போட பொட்டி?"

கோவிந்தப்பா எதிர்ச்சாரியில் இருந்த எலக்ட்ரிகல் கடையைக் கைகாட்டினார். சுவரில் சுவிட்ச் பொருத்தும் வெள்ளை பிளாஸ்டிக் பெட்டிகள் அங்கே சரம் சரமாகத் தொங்கின. நாலு சுவிட்ச் பொருத்தும் பெட்டி. சுவிட்சுக்கு விட்ட ஓட்டையில் அந்தத் திரை, அளவெடுத்து வெட்டியதைப் போல் போய் உட்கார்ந்தது. அதைப் பார்த்து கடைக்காரரே "அட!" என்றார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். சமையல் மேடையில் பழைய காலண்டர் அட்டையைப் போட்டு அதன்மேல் வேலை. முடி மாதிரி மெல்லிய ஒயர்களை அவள் இழுத்துப் பற்றவைக்கும் அழகைப் பார்க்கவே நிருபமா கீழே இறங்கி வருவாள். ரிமோட்டின் போர்டை அறுத்து இரண்டு துண்டாக்கியிருந்தாள்: இடப் பக்கம் டாங்கியை நகர்த்த நாலு பட்டன், வலப் பக்கம் சுடவும் ஆட்டத்தைத் தொடங்கவும் நாலு. ரப்பர் பட்டனின் அடியில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். அமுக்கினால் அது போர்டில் பக்கம் பக்கமாக ஓடும் இரண்டு கோடுகளையும் ஒன்றாகத் தொடும். தொட்டால்தான் பட்டன் அமுங்கியது என்று சிப்புக்குத் தெரியும். அவ்வளவுதான் விஷயம்.

அந்தப் பழைய ஆட்டத்தைப் போலவே யாரோ புதிதாக எழுதி இலவசமாக விட்டிருந்த டாங்கி ஆட்டம் ஒன்றை நிருபமா தேடிப் பிடித்து ஏற்றினாள். "போடுங்கக்கா" என்றாள். சொர்ணம் சுவிட்சைத் தள்ளினாள். திரை ஒரு தடவை வெளுத்தது. பிறகு கறுத்தது. பிறகு ஒரு மஞ்சள் டாங்கி வந்து கோட்டைக்குப் பக்கத்தில் நின்றது. பட்டனை அமுக்கினாள், அது நகர்ந்தது.

"அக்கா, அழுகறீங்களா?"

"ஈயப் புகைடீ" என்றாள் சொர்ணம். பற்றவைக்கும் கோல் அணைந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவள் விடுகிறவள் இல்லை. கடல் காற்று என்று ஒன்று இருக்கிறதே! உப்புக் காற்று பட்டால் செம்பு பச்சை பூத்துப்போகும். தொழிற்சாலையில் மழையில் நனையும் வண்டிகளுக்கான போர்டுகளைக் கண்ணாடி அறைக்குள் கொண்டுபோய் மேலே வார்னிஷ் மாதிரி ஒன்றைப் பூசுவார்கள். பூசின போர்டு பளபளவென்று வெளியே வரும். அந்த டப்பாவின் விலை கோவிந்தப்பா கடையில் ஆயிரத்துக்கு மேல். ஆனால் அந்த அறையின் கதவு திறக்கும்போதெல்லாம் வரும் வாசனையை அவள் அறிவாள். அச்சு அசல் நெயில் பாலிஷ் வாசனை. நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பாட்டில் நாற்பது ரூபாய்.

இருபத்து மூன்றாம் தேதி ஞாயிறு, எல்லாவற்றையும் பிரித்து, ஒரு மூலை விடாமல் இரண்டு கை பூசினாள். மருதாணி வைத்த கையைப் போல காய வைத்தாள். திங்கள் சாயங்காலம் மறுபடி மாட்டி சுவிட்சைப் போட்டாள்.

திரை வந்தது. டாங்கி வந்தது. ஒரு பட்டனும் வேலை செய்யவில்லை.

நிருபமா ஓடிவந்து சாஃப்ட்வேரை அழித்து மறுபடி ஏற்றினாள். ஊஹூம். எதிரிகள் சாவகாசமாக வந்து கோட்டையை உடைத்தார்கள். மஞ்சள் டாங்கி நின்ற இடத்தில் நின்று வேடிக்கை பார்த்தது.

பதினோரு வருடக் கைக்காரிக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றும். என் பற்றுதான் விட்டுப்போச்சு. திங்களும் செவ்வாயும் சாயங்காலம் முழுக்க ஒவ்வொரு பற்றாக எடுத்து மறுபடி வைத்தாள். நெயில் பாலிஷ் கருகி வீடெல்லாம் நாறியது. செவ்வாய்க்கிழமை, சூடு அதிகமாகி, போர்டிலிருந்த செம்புத் துண்டு ஒன்று சருகாகப் பெயர்ந்து வந்தது. அப்படி ஒரு தப்பை அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில்கூடச் செய்ததில்லை. கோலை ஸ்டாண்டில் வைத்துவிட்டு வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணி ஏழு. கப்பலில் இப்போது என்ன நேரமோ, அங்கேயும் ஒரு ஆறரை வந்து போகிறதுதானே என்று நினைத்தாள்.

புதன்கிழமை கேண்டீனில் அவள் தட்டிலிருந்த பிஸிபேளாபாத் அப்படியே இருந்தது. வனஜா கவனித்தாள். "இன்னாடி, சோத்துல பொம்மை செய்யற?"

சொர்ணம் சொன்னாள். சாயங்காலம் வனஜா தன் ஸ்டாப்பில் இறங்காமல் அவளோடு ஆஸ்டின் டவுனில் இறங்கினாள்.

வனஜாவின் வேலை மாஸ்க்கிங். போர்டு பூச்சுக்குப் போகுமுன் அதில் சில இடங்களில் வட்ட வட்டமான மஞ்சள் டேப்பை ஒட்டுவாள். பூச்சு காய்ந்து வந்ததும் உரித்தெடுப்பாள். "ஒட்டுறது, உரிக்கிறது. பொட்டு டிபார்ட்மென்ட்" என்று சொர்ணம் எட்டு வருடமாக அவளைக் கேலி செய்துகொண்டிருந்தாள். வனஜாவும் "ஆமாடி, நீ டாக்டரு, நான் ஆயா" என்பாள்.

பெட்டியைத் திறந்து போர்டைக் கையில் எடுத்த வனஜா, டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தாள்.

"பளபளன்னு இருக்குதே. இன்னா தடவின?"

"கோட்டிங். கடல் காத்துக்கு."

"எங்கெங்க?"

"எங்கெங்கன்னா? மொத்தமாத்தான். பாதி தடவுறதுக்கு அது என்ன லிப்ஸ்டிக்கா?"

வனஜா போர்டை மெதுவாகக் கீழே வைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் கேஸ் சிலிண்டர்மேல் உட்கார்ந்தாள்.

"சிரிக்காதேடீ. நாளைக்கு ரயிலு."

"பதினோரு வருஷமா அந்த லைன்ல உக்காந்திருக்கியே, நான் எதுக்குப் பொட்டு ஒட்டுறேன்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டியாடி?"

சொர்ணம் போர்டை எடுத்து அதே மாதிரி டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்தாள்.

"கோட்டிங் பட்டா கரண்ட் போவாது. எந்த எடம் இன்னொண்ணைத் தொடணுமோ அந்த எடத்துலதான் பொட்டு. நீ பட்டன் தொடற எடத்துக்கெல்லாம் சேத்து பாலிஷ் போட்டு வெச்சிருக்கே. அது எப்படித் தொடும்? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புருஷன், இந்தப் பக்கம் பொண்டாட்டி."

"அப்ப நான் பத்தவெச்சது?"

"உன் பத்துக்கு ஒரு கேடும் இல்ல. சும்மா அதப் போட்டு வறுத்திருக்கே."

நெயில் பாலிஷ் ரிமூவர் மாடியிலிருந்து வந்தது. வனஜா காது குடையும் பஞ்சுக் குச்சியை அதில் தொட்டு, விரலில் பிழிந்து, கோடுகளின்மேல் மட்டும் துடைத்தாள். ஒரு மயிரிழை அந்தப் பக்கம் போகவில்லை. சொர்ணம் எட்டு வருடத்தில் முதன்முறையாக அவள் கையைப் பார்த்தாள். அப்படி ஒரு கை அது. இடையில் "நான் ஒண்ணு தொடைக்கிறேன்" என்று சொர்ணம் குறுக்கே நீட்டியதில்தான் ஒரு சொட்டு பெட்டியின் மேல் விழுந்து, அந்த மூலை பால் தெளித்தது மாதிரி வெளுத்துக் குழைந்தது.

"நகரு, டாக்டரே" என்றாள் வனஜா.

பெயர்ந்துபோன செம்புக்குப் பதிலாக ஒற்றை இழை ஒயரை வளைத்து சொர்ணம் பற்றவைத்தாள். அதை அவள் செய்தபோது வனஜா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். எட்டு பட்டனும் வேலை செய்தன. முதல் ஆட்டத்தை வனஜாவிடம் கொடுத்தாள்.

"ஏய், இதுல யாரு யாரச் சுடணும்?"

"நீதான் மஞ்சள். மத்ததெல்லாம் எதிரி."

"அய்யய்யோ, வீட்டையே சுட்டுட்டேனே!"

"பரவால்ல, நானும் அப்படித்தான் ஆடுவேன்."

வியாழக்கிழமை அரை நாள் லீவு. மெட்ரோவில் மல்லேஸ்வரம். ஒரு கையில் புளிக்காய்ச்சல் பாட்டில், இன்னொரு கையில் துண்டில் சுற்றிய பெட்டி. "ஏரோப்ளேன்ல போறவருன்னா குண்டுன்னு புடிச்சிருப்பாங்கடீ, ரயிலு ஆனதால தப்பிச்சே" என்று வனஜா சொல்லி அனுப்பியிருந்தாள்.

பாலசுப்ரமணியன் ஐம்பது வயதுக்காரர். பாதி கட்டிய சூட்கேஸ்களுக்கு நடுவில் நின்றார். புளிக்காய்ச்சலைச் சிரித்தபடி வாங்கியவர், பெட்டியைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

"இது என்னம்மா?"

"கேமு சார். அவருக்கு."

ஸ்க்ரூ டிரைவர் எடுத்துத் திறந்தார். சொர்ணம் அவர் விரல்களையே பார்த்தாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை போதும், எல்லாம் முடிந்தது.

"பேட்டரி எங்க வாங்கினே?"

"பழைய லேப்டாப்புது சார்."

"கப்பல்ல தீப்பிடிச்சா ஓடறதுக்கு தெரு கிடையாதும்மா." உருளை பேட்டரியைக் கழற்றி அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "இத நான் எடுத்துண்டு போகமாட்டேன்."

அவள் பேட்டரியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன சொல்வது? ஆறரை மணியைப் பற்றிச் சொன்னால் கப்பல் முழுக்கத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் இவருக்கு இது ஒரு விளையாட்டுச் சாமான். கடைசியில், "சார், அவரு கைக்கு வேலை இல்லன்னா கஷ்டப்படுவாரு" என்றாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

அவர் பெட்டியைக் குனிந்து பார்த்தார். "யாரு இதெல்லாம் பத்தவெச்சது?"

"நான்தான் சார்."

"என்கிட்ட வேலை பாக்கறவன்கூட இப்படி வெக்கமாட்டான்." மூடியை மாட்டினார். "என் டார்ச்சுக்கு இதே சைஸ்ல நல்ல பேட்டரி, பாதுகாப்பு சர்க்யூட்டோட, ரெண்டு வெச்சிருக்கேன். ஒண்ணு இதுக்கு. சார்ஜ் பண்றது என் ஒர்க்‌ஷாப்லதான், என் கண் முன்னாடி. சரியா? அவன்கிட்ட சொல்லிடறேன்."

டிசம்பர் முதல் வாரம் ராஜேஷ்குமாரிடமிருந்து சேதி வந்தது: "பொட்டி வந்துச்சு. நீயா செஞ்ச? நெஜமாவா?" அதற்குப் பிறகு எப்போதாவது துறைமுகம் நெருங்கும்போது மட்டும் இரண்டிரண்டு வார்த்தை. நல்லா இருக்கேன். சாப்டியா. இங்க மழை. ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் இல்லை, கரையிறங்கியதைப் பற்றியும் இல்லை. பொங்கல் போயிற்று. ஜனவரியில் இருபது நாள் ஒரு சேதியும் இல்லை. சொர்ணம் "பத்திரமா இருங்க" என்று மட்டும் அனுப்பினாள். விரல் அடுத்த கேள்வியைத் தட்டி, அழித்து, மறுபடி தட்டி, அழித்தது.

தொழிற்சாலையில் அவளைப் பார்த்தவர்கள் சொர்ணம் மாறிவிட்டாள் என்றார்கள். சாப்பாட்டு நேரத்தில் லைன் நெடுக நடந்து, ஒவ்வொரு மேஜையிலும் நின்று, "நீ இத எதுக்குப் பண்ற?" என்று கேட்டுக்கொண்டிருந்தாளாம். டெஸ்டிங் மேஜையில் போர்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சை விளக்குக் காட்டுவதை, மணி அடிக்கும்வரை, வாயில் மோர் மிளகாயை வைத்தபடி பார்த்துக்கொண்டு நிற்பாளாம். சூப்பர்வைசர் மஞ்சுநாத் "ஏனம்மா, பிரமோஷன் பேக்கா?" என்று கேட்டதற்கு, "பேடா சார், பதில் சொன்னா போதும்" என்றாளாம்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. கேட்டில் லாக்கரிலிருந்து போனை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஓசூர் ரோட்டில் வண்டி நகரவேயில்லை. போன் அதிர்ந்தது. இரண்டு வார்த்தை இல்லை. திரை நிறைய எழுத்து. வனஜா எட்டிப் பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சொர்ணம் படித்தாள்.

"சொர்ணா, ஒண்ணு சொல்லணும். ரெண்டு மாசமா எழுதி எழுதி அழிக்கிறேன். பொங்கல் அன்னிக்கு ஒரு போர்ட்டுல எல்லாரோடயும் இறங்கினேன். குடிச்சேன். அந்த ஒரு நாள்தான். மறுநாள் காலைல சமைக்கும்போது கை நடுங்கி எண்ணெய் கொட்டிச்சு, பெரிய காயம் இல்ல. பாலசுப்ரமணியன் சாரு ஒண்ணும் திட்டல. பொட்டிய சார்ஜ் பண்ணிக் கொண்டாந்து என் மேஜை மேல வெச்சிட்டுப் போனாரு. அப்பறம் நாலு போர்ட் வந்துச்சு. நான் இறங்கல. அன்னிக்கு என்னைக் கூப்பிட்டுக்கினு போனான் பாரு, பிலிப்பைன்ஸ்காரன், பேரு ஜூன், அவனும் இப்ப இறங்கறதில்ல. சாயங்காலம் ஆனா என் ரூமுக்கு வந்துடறான். உன்ன விட மோசமா ஆடறான். இன்னிக்கும் கீழ ஊரெல்லாம் லைட்டு தெரியுது, கப்பல்ல நாங்க ஏழு பேருதான் இருக்கோம். இப்ப அவன் ஆடறான். இன்னும் ஒரு உசுருதான் பாக்கி அவனுக்கு. அது போச்சுன்னா என் டர்ன்."